டன் கணக்கை விட்டு ஹெக்டேர் கணக்குக்கு வாருங்கள்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறைக்கும், நிதித்துறைக்கும், டிஎன்பிஎல் எனப்படும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் ஆலை நிர்வாகத்துக்கும் வணக்கம்.

முதுமலையில் சீமைக் கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரங்களை அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் திட்டத்தை மனமார வரவேற்கிறோம். காட்டைக் கெடுக்கும் மரம் ஆலைக்கு மூலப்பொருளாகிறது, காட்டுக்கும் வருமானம் வருகிறது. ஆனால் அந்த வருமானம் எந்தக் கணக்கில் வருகிறது, எங்கே போகிறது என்பதில்தான் இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் இருக்கிறது. அதைப் பற்றியே இந்த மடல்.

மரத்துக்கு டன்னுக்கு இவ்வளவு என்று விலை வைத்தால், வெட்டுபவர் கண்ணில் படுவது எடைதான். சாலையோரம் நிற்கும் பருத்த அடிமரங்களை முதலில் எடுப்பார். கட்டைவிரல் பருமனுள்ள கன்றுகளை விட்டுவிடுவார், அவற்றுக்கு எடையில்லை. உள்ளே சரிவில் நிற்கும் மரத்தைத் தொடமாட்டார், தூக்கிவரும் கூலி விலையைத் தின்றுவிடும். தரையோடு வெட்டிய அடிக்கட்டையோ சும்மா இருக்காது. சீமைக் கொன்றை மறுதாம்பு விடும் மரம். ஒரு தண்டு நின்ற இடத்தில் பல தண்டுகள் எழும்பும். மேலே நிழல் போய் வெயில் இறங்குவதால், மண்ணில் கிடக்கும் விதைகளும் மழையோடு முளைக்கும். இரண்டு பருவம் கழித்துப் போய்ப் பார்த்தால் முன்பைவிட அடர்த்தியான புதர் நிற்கும். ஏட்டில் மட்டும் அந்த இடம் 'அகற்றப்பட்டது' என்றே இருக்கும்.

எனவே முதல் கோரிக்கை: ஆலை டன்னுக்குப் பணம் கொடுக்கட்டும், வேலை செய்பவருக்கு ஹெக்டேருக்குக் கொடுங்கள். அதையும் ஒரே தவணையில் கொடுக்க வேண்டாம். அகற்றியதும் பாதி, அடுத்த மழைக்காலம் முடிந்து மறுதளிர்களைக் களைந்ததும் ஐந்தில் ஒரு பங்கு, மீதி மூன்றாம் ஆண்டு முடிவில். கடைசித் தவணைக்கு அளவுகோல் வேண்டும். ஹெக்டேருக்கு நான்கு இடத்தில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, ஜிபிஎஸ் புள்ளியோடு பதிந்துவிடுங்கள். ஆண்டுக்கு இருமுறை அதே கட்டங்களில் மறுதளிர் விட்ட கட்டைகள், புதிய கன்றுகள், புல் மூடிய பரப்பு மூன்றையும் எண்ணினால் போதும். இதற்கு ட்ரோன் தேவையில்லை. வேட்டைத் தடுப்புக் காவலர் இருவர் ஒரு காலையில் பல கட்டங்களை முடித்துவிடலாம்.

அகற்றும் முறையும் டெண்டரில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். கன்றுகளை மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் பிடுங்குவது இன்னும் கடினமாகும். பெரிய மரங்களில் மார்பளவு உயரத்திலிருந்து, அதாவது சுமார் 1.3 மீட்டரிலிருந்து, தரைவரை பட்டையை முழுச்சுற்றும் உரித்துவிட்டு நின்றபடியே காயவிடலாம். இதில் வழக்கமாக நேரும் பிழை ஒன்றுண்டு: அடியில் மண்ணை ஒட்டிய நான்கு விரல் அகலப் பட்டையை விட்டுவிடுவார்கள். தளிர் அங்கிருந்துதான் வரும். வேர்க்கழுத்தில் மண்ணை விலக்கி அதையும் உரிக்க வேண்டும், பிறகும் மாதாமாதம் போய் எழும்பும் தளிர்களைக் கிள்ள வேண்டும். ஆலைக்கு உடனே மரம் வேண்டுமென்றால் அடிக்கட்டையையும் பெயர்த்தெடுக்க வேண்டும். சமவெளியில் ஜே.சி.பி. இதற்கு உதவும். சரிவிலும் ஓடைக்கரையிலும் அது மண்ணைப் புரட்டி, அரிப்பையும் புது முளைப்பையும் சேர்த்தே கொண்டுவரும், அங்கே கைவேலைதான்.

வேலையாட்களுக்குச் சரக்கொன்றையையும் சீமைக் கொன்றையையும் பிரித்துக் காட்டிவிட்டே கோடரியைக் கொடுங்கள். இரண்டும் மஞ்சளாகப் பூப்பதால் நம் மரமான சரக்கொன்றை தவறி வெட்டுப்பட வாய்ப்புண்டு. சரக்கொன்றைப் பூங்கொத்து சரம்போலக் கீழே தொங்கும், சீமைக் கொன்றையினுடையது கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பூவில்லாத காலத்தில் இலையைப் பாருங்கள்: சரக்கொன்றையில் அகன்ற சிற்றிலைகள் சில இணைகளே இருக்கும், மற்றதில் சிறிய சிற்றிலைகள் நெருக்கமாகப் பல இணைகள்.

காய் முற்றுவதற்கு முன் வேலையை முடிப்பது முக்கியம். முற்றிய காயோடு லாரி ஏற்றினால், முதுமலையிலிருந்து ஆலை இருக்கும் கரூர் வரை சாலையோரம் முழுக்க விதைத்துக்கொண்டு போகிறோம் என்று பொருள். காய்க்கிளைகளைக் காட்டிலேயே கழித்து, சுமையைத் தார்ப்பாயால் மூடி, சக்கரத்து மண்ணைக் கழுவிய பிறகே வண்டி சோதனைச் சாவடி தாண்ட வேண்டும்.

காட்டை மூடும் இன்னொரு அயல் செடியான உண்ணிச்செடியின் (லான்டானா) கதை வேறு. இந்தியாவின் புலி வாழிடங்களில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டரில் அது பரவியிருப்பதாக 2020ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதற்கு டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவின் குழு உருவாக்கிய வேர்வெட்டு முறை எளியது. மண்ணுக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்க்காமல் போட்டால் மண்ணைத் தொட்ட கணுக்கள் மறுபடி வேர்விடும். பழம் தின்ற பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில்தான் புதிய கன்றுகள் கூட்டமாக முளைக்கும். மறுகளையெடுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.

உண்ணிச்செடி கூழுக்குப் பெரிதும் பயன்படாது. அதன் தடித்த தண்டுகளில் சோலிகர் பழங்குடியினர் அறைகலன் செய்கிறார்கள். கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் அதே தண்டில் செய்த நிஜ யானை அளவிலான உருவங்கள் 2021ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. இது மதிப்புள்ள வேலை, ஆனால் இதனால் நுகரப்படும் அளவு மிகக் குறைவு. மிச்சத்தை எரிகட்டியாக்கலாம், அதாவது தூளாக்கி அழுத்தி எரிபொருள் கட்டியாக்கலாம் என்று சொல்வோருக்கு ஒரு நடைமுறைச் சிக்கலை நினைவூட்டுகிறோம். புதராகவே ஏற்றினால் லாரி எடையால் நிரம்பாது, காற்றால்தான் நிரம்பும். காட்டோரத்திலேயே துண்டாக்கும் இயந்திரம் இருக்க வேண்டும். அரைத்த தூளில் ஈரம் 10 முதல் 12 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எரிகட்டி உடையாமல் வரும். பச்சையாக வெட்டியதில் பாதி எடை தண்ணீர்தான். உலர்த்தும் களமும் கூரையும் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்கினால், முதல் மழையிலேயே அது முடங்கிவிடும்.

அடுத்தது பணம். மரம் விற்ற தொகை பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் மூன்றாம் ஆண்டுக் களையெடுப்புக்கு யாரும் ஒதுக்கமாட்டார்கள். எந்தக் காட்டுப் பிரிவிலிருந்து வந்ததோ அந்தப் பிரிவின் பெயரிலேயே தனிக்கணக்கு தொடங்கி, ஐந்து ஆண்டுக்குப் பூட்டி வையுங்கள். விற்பனைத் தொகை மட்டும் மீட்புக்குப் போதும் என்று நாங்கள் நம்பவில்லை. ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம், 2016ன் கீழ், காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்போர் கட்டும் பணத்தை இயற்கை மறுவளர்ச்சிக்கு உதவும் பணிகளுக்குச் செலவிட இடமிருக்கிறது. அதை இங்கே திருப்பலாம். முதுமலை வழியே ஓடும் மோயாறு பவானிசாகர் அணையில் சேர்கிறது. கீழ்பவானியின் 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டும் கீழேயுள்ள நகரங்களும் தொழிற்சாலைகளும் அந்த அணையை நம்பியிருக்கின்றன. தொழிற்சாலைகள் செலுத்தும் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு மேலேயுள்ள காட்டுக்குப் போவது நியாயம். உழவர்மேல் இதைச் சுமத்த வேண்டாம். கொன்றையை அகற்றினால் அணைக்கு இத்தனை கனஅடி கூடும் என்று சொல்லி நிதி கேட்பதும் வேண்டாம். அளக்காத பலனை விற்றால் நம்பிக்கை கெடும்.

அகற்றிய இடத்தில் உடனே குழி தோண்டி மரக்கன்று நட ஆசைப்படாதீர்கள். முதலில் புல் வரட்டும். புல் மூடினால் கொன்றைக் கன்று முளைப்பது குறையும், மானுக்கும் காட்டெருமைக்கும் தீனியும் கிடைக்கும். அருகிலுள்ள நல்ல புல்வெளியில் விதை முற்றும் நேரத்தில் சேகரித்துத் தூவுவதே சிறந்தது. நெல்லி, வேங்கை, கருமருது, தான்றி போன்றவை தானாக முளைத்திருந்தால் குச்சி ஊன்றி அடையாளமிட்டுக் காப்பாற்றுங்கள். முளைக்காத இடத்தில் மட்டும் நடலாம். மாநிலப் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்குக்காக இங்கே கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை.

ஆலை நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள். இது முடிந்துபோவதற்காகத் தொடங்கிய வியாபாரம். ஆண்டுக்கு இத்தனை டன் தரவேண்டும் என்ற உறுதி ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் காட்டில் கொன்றை தீராமல் பார்த்துக்கொள்ளவே ஒரு காரணம் உண்டாகும். முடிவுத் தேதியை இப்போதே எழுதுங்கள். உழவர்களிடம் வாங்கும் சவுக்கும் தைலமரமும் உங்களுக்கு இருக்கவே இருக்கின்றன.

மறுகளையெடுப்பு வேலையை வெளியூர் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காமல், அந்தந்தப் பழங்குடிக் கிராமத்தின் சூழல் மேம்பாட்டுக் குழுவுக்கே ஐந்தாண்டு ஒப்பந்தமாகக் கொடுங்கள். வன உரிமைச் சட்டம், 2006ன்படி சமூக வன வள உரிமை (கிராமமே தன் காட்டைக் காத்துப் பராமரிக்கும் உரிமை) பெற்ற இடங்களில் கிராம சபையின் ஒப்புதலோடு அதன் கையிலேயே கணக்கும் இருக்கட்டும். எந்தக் கட்டத்தில் எத்தனை கன்று முளைத்தது, எவ்வளவு செலவானது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வனச்சரக அலுவலகப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிடுங்கள். அடுத்த டெண்டர் அறிவிப்புக்கு முன் இந்த நிபந்தனைகளைச் சேர்த்து, வரைவைத் தமிழில் பொதுக் கருத்துக்கு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காடு மீட்புப் பணியில் ஈடுபட்டிருப்போர்