ஞாயிறு வாசிப்பு வட்டம்: பராமரிப்பு ரோபோக்கள்

உறவுகளுக்கு வணக்கம். ஞாயிறு மாலை 4 மணிக்கு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் கூடுகிறோம். இம்முறை எடின்பரோ பல்கலைக்கழக மெய்யியலாளர் ஷனன் வெலோரைப் பற்றிப் பேசலாம். முதியோரைப் பராமரிக்கும் ரோபோக்கள் குறித்த 2011ஆம் ஆண்டுக் கட்டுரையில், முதியவருக்கு என்ன நேரும் என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கடமையை இயந்திரத்திடம் விட்டுவிடுகிறவர் எதை இழப்பார் என்றும் கேட்டார். படுக்கையிலிருக்கும் அம்மம்மா ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கி முடிக்கும்வரை கரண்டியோடு காத்திருக்கிறோமே, அந்தப் பொறுமை போன்ற பண்புகள் பழகப் பழகத்தான் வரும் என்பது அவர் வாதம். களைத்துப்போன பராமரிப்பாளருக்குத் துணை தேவை என்பதையும் அவர் மறுக்கவில்லை. பிள்ளைகள் கனடாவிலும் கட்டாரிலும் இருக்க, முதியோர் தனித்திருக்கும் நம் ஊர்களுக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. வீட்டில் நோயாளரைப் பார்ப்பவர்கள் அவசியம் வாருங்கள். முதலில் பேசப்போவது நீங்கள்தான். தமிழ்ச் சுருக்கத்தை நாளை இரவு இங்கே பகிர்கிறேன்.