ஜிகினா டப்பாவைக் கவிழ்த்தவளுக்கு ஸ்டார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் என் பேத்தியின் ப்ளே ஸ்கூலிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. திங்கட்கிழமைக்குள் தெர்மாகோலில் மீன்தொட்டி செய்து கொடுத்தனுப்ப வேண்டுமாம். பேத்திக்கு இரண்டே முக்கால் வயது. ஃபேன்சி ஸ்டோரில் 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, ஞாயிறு ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து மருமகள் ஒட்டி முடித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மற்ற அம்மாக்கள் குரூப்பில் போட்டோ போட ஆரம்பித்துவிட்டால் யாருக்குத்தான் பதற்றம் வராது? அவள் ஒட்டிக்கொண்டிருந்த நேரம் முழுக்கப் பேத்தி கையில் செல்போன், அதில் மீன் பாட்டு. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. அன்றைக்கு ராத்திரி மட்டுமே இரண்டு மணி நேரம் தாண்டியது. இடையில் ஒரு முறை எழுந்து வந்து ஜிகினா டப்பாவைக் கவிழ்த்தாள். மீன்தொட்டியில் அவள் கைபட்டது அவ்வளவுதான். திங்களன்று நெற்றியில் ஸ்டார் ஒட்டி அனுப்பினார்கள்.

நான் இருபத்தெட்டு வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். ஊருக்குள் இன்றைக்கும் பால்வாடி டீச்சர்தான். எங்களுக்கு வரும் விளையாட்டுச் சாமான்கள் வருஷம் முடிவதற்குள் உடைந்துபோகும். அப்புறம் காலித் தீப்பெட்டியும் சோடா மூடியும்தான் கைகொடுக்கும்.

இங்கே திருப்பூரில் பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? மகன் கட்டிங் மாஸ்டர். அவன் கொண்டுவரும் துண்டுத் துணிகளை நடுவீட்டில் கொட்டி, சிவப்புக்கு ஒரு கூடை, மஞ்சளுக்கு ஒரு கூடை வைத்துவிடுவேன். முதல் நாள் எல்லாமே ஒரே கூடைக்குள் போனது. பத்து நாள் கழித்து ஓர் ஆரஞ்சுத் துண்டு அவள் கையில் சிக்கியது. இந்தக் கூடையைப் பார்த்தாள், அந்தக் கூடையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். கடைசியில் தன் தலைமேல் போட்டுக்கொண்டாள். எனக்கும் அதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. நூல் தீர்ந்த காலிக் கோன்கள் ஐந்தாறு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டே அரை மணி நேரம் ஓட்டிவிடுவாள்.

ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கவிட்டுப் பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அமுக்கினால் பருப்பு பீச்சிக்கொண்டு சுவரில் போய் அடிக்கும். பாதிதான் குழம்புக்கு மிஞ்சும், பரவாயில்லை. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போவதும் அந்த விரல்கள்தானே.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மொச்சை, புளியங்கொட்டை, பட்டன் எதுவானாலும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நகராதீர்கள். கொஞ்சம் அசந்த நேரத்தில் ஒரு பையன் புளியங்கொட்டையை மூக்குக்குள் தள்ளிவிட, அவனை மொபெட்டில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் நான்.

ப்ளே ஸ்கூல் நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வேலை கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை கையால் ஆகிற வேலையாகக் கொடுங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே வாங்கிச் சுவரில் ஒட்டுங்கள்.

இந்த வாரம் காய்கறி சார்ட் கேட்டிருக்கிறார்கள். வெண்டைக்காய்க் காம்பைப் பீட்ரூட் சாற்றில் தோய்த்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பேத்தி குத்தித் தள்ளியிருக்கிறாள். ஏழெட்டுப் பூ தெரிகிறது, மற்றதெல்லாம் ஒரே திட்டு. அதையே கொடுத்தனுப்பலாம் என்கிறேன். மருமகள் இன்னும் சம்மதிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
திருப்பூர்.