150-ஐ வெச்சு வெட்டினவனுக்கு

டேய் கண்ணா,

உன் ஹாம் ரேடியோவுக்கு நீ கட்டின டைபோல், அதான் நடுவுல கேபிள் சேர்த்து ரெண்டு பக்கமும் சமமா ஒயர் நீட்டின ஆன்டெனா, அதோட போட்டோவ நேத்து ராத்திரி அனுப்பினியே, அத பெருசாக்கி பெருசாக்கி பார்த்தேன். ஆன்டெனாவ அளக்கற அனலைசர் ஸ்க்ரீன்ல அந்தப் பள்ளம், அதான் ஆன்டெனா நல்லா ஒத்துப் போற எடம், 6.6 மெகாஹெர்ட்ஸ்ல விழுந்து கெடக்கு, உனக்கு வேண்டிய 7.1-ல எஸ்.டபிள்யூ.ஆர் (பவர் எவ்ளோ திரும்பி வருதுன்னு காட்டற நம்பர், 1 தான் சுத்தம்) 6-ஐத் தாண்டி நிக்குது. அதுக்குக் கீழ "ஃபார்முலா படிதாம்மா வெட்டினேன், டேப்ப ரெண்டு தடவ வெச்சு அளந்தேன்"னு ஒரு புலம்பல் வேற. நீ அளந்ததுல தப்பே இல்லடா. போன்ல சொன்னா பாதியில "சரிம்மா சரிம்மா"னு வெச்சிடுவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

ரேடியோ அலை ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 30 கோடி மீட்டர் ஓடும், அதனால 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா அலைநீளம் மீட்டர்ல வந்துடும், 7.1-க்கு 42.25. அதுல பாதி, அதாவது 150-ஐ 7.1-ஆல வகுத்தா, 21.13. நீ அதத்தான் வெட்டியிருக்க. ஆனா அந்த 21.13 வெட்டவெளியில போற அலையோட பாதி, ஒயர்ல ஓடற கரண்டோட பாதி இல்ல. ஒயருக்கு தடிமன் இருக்கு, அதோட ரெண்டு முனையும் சும்மா அந்தரத்துல முடியறதில்ல, சுத்தி இருக்கறதோட சேர்ந்து குட்டி கெபாசிட்டர் மாதிரி நடந்துக்கும், அதனால ரேடியோ கண்ணுக்கு ஒயர் இருக்கறத விட நீளமா தெரியும். அதான் பழைய ஆளுங்க 150-க்கு பதிலா 142.6-ஐ வெச்சு வகுப்பாங்க, உன் 7.1-க்கு 20.08 மீட்டர், ஒரு பக்கத்துக்கு 10 மீட்டர் சொச்சம். போதாக்குறைக்கு நீ போட்டிருக்கறது பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர். அந்த உறை அலைய இன்னும் கொஞ்சம் மெதுவாக்கும், அதுக்காக இன்னொரு 2, 3 சதவீதம் கம்மி பண்ணணும். ரெண்டையும் கூட்டினா உன் பள்ளம் ஏன் 6.6-ல விழுந்துச்சுன்னு உனக்கே புரியும்.

நீளம் ஏன் இவ்ளோ முக்கியம்னு கேட்டியே, அதையும் சொல்லிடறேன். வாளி நெறைய தண்ணி தூக்கிட்டு நடந்திருக்கல்ல? சில நடைக்கு தண்ணி அசையாது, ஒரு குறிப்பிட்ட நடைக்கு மட்டும் நாலு எட்டுலயே தளும்பி காலெல்லாம் நனைஞ்சிடும், ஏன்னா தண்ணி போய் முட்டி திரும்பி வர நேரமும் உன் எட்டும் ஒத்துப் போயிடுச்சு. ஒயர்லயும் அதேதான். 7.1-ல ஒரு முழு சுத்துக்கு சுமார் 140 நானோசெகண்ட். நடுவுல இருந்து கெளம்பின கரண்ட் முனைல முட்டி தலைகீழா திரும்பி நடுவுக்கு வரதுக்கு அதுல சரி பாதி ஆகும், அந்த நேரம் பார்த்து ரேடியோவும் திசைய மாத்தி தள்ளுது, ரெண்டும் சேர்ந்துக்குது. இதத்தான் ரிசொனன்ஸ்னு சொல்றோம். ஒயர் நீளமா இருந்தா எதிரொலி லேட்டா வரும், ரேடியோ தள்ளறதும் ஒயர் ஆடறதும் ஒத்துக்காம ரியாக்டன்ஸ்னு ஒண்ணு, பவர முழுசா ஏத்துக்காம திருப்பி அனுப்பற ஒரு எதிர்ப்பு, வந்து உக்காந்துக்கும்.

இப்ப உன் ஒயருக்கு வைத்தியம். இருக்கற நீளத்த இப்ப வர ஃப்ரீக்வென்சியால பெருக்கி, வேண்டிய ஃப்ரீக்வென்சியால வகு. 21.13 பெருக்கல் 6.6, வகுத்தல் 7.1, வரது 19.64. அப்ப மொத்தம் ஒன்றரை மீட்டர் போகணும், ஒரு பக்கத்துக்கு 75 சென்டிமீட்டர். உடனே கட்டர எடுக்காத! வெட்டவே வேணாம், முனை இன்சுலேட்டர்ல ஒயர உள்ள விட்டு மிச்சத்த தன் மேலயே நெருக்கமா முறுக்கி விட்டுடு, அதுவே நீளத்த கம்மி பண்ணின மாதிரிதான். மொதல்ல பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் மடி, மேல ஏத்து, அள. அதுக்கப்பறம் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் மாத்தினா சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் நகரும்னு மனசுல வெச்சுக்கோ. ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு மடிக்கணும் சரியா.

"மேல ஏத்து, அள"ன்னு சொன்னேன் பாரு, அதுக்கு நான் குடுத்த விலை எனக்குத்தான் தெரியும். என் மொதல் டைபோல நெஞ்சு உயரத்துக்கு கட்டி வெச்சுகிட்டு, ஏணில ஏறி எறங்க சோம்பேறித்தனம், கீழ நின்னுகிட்டே நறுக்கி நறுக்கி 7.1-ல பள்ளம் கொண்டு வந்தேன். எஸ்.டபிள்யூ.ஆர் 1.2. பெருமை தாங்கல. அப்பறம் 9 மீட்டர் உயரத்துக்கு இழுத்து கட்டிட்டு மீட்டர பார்த்தா பள்ளம் பேண்டுக்கு வெளிய மேல போய் நிக்குது. பக்கத்துல தரை இருந்தா ரிசொனன்ஸ் கீழ எறங்கும், தூக்கினா ஏறும், இது அன்னைக்கு வரை எனக்கு தெரியாது. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் தரைல கெடந்துச்சு, ஒவ்வொண்ணா பொறுக்கி சால்டர் பண்ணி ஒட்டினேன், ஒரு பக்கத்துல மட்டும் மூணு ஒட்டு. அந்த ஒட்டோடவே பல வருஷம் ஓடுச்சு அது வேற விஷயம்.

இன்னொண்ணு, 1.0 வரலியேன்னு மண்டைய ஒடைச்சுக்காத. டைபோல் வெட்டவெளியில 73 ஓம் கிட்ட, ரேடியோலேர்ந்து ஆன்டெனாவுக்குப் போற உன் கோஆக்ஸ் கேபிள் 50 ஓம், அதுக்கே 1.46 வரும், அது ரொம்ப நல்ல நம்பர். தரைக்கு எவ்ளோ உயரத்துல இருக்குன்றத பொறுத்து அந்த 73-உம் மாறிகிட்டே இருக்கும். எஸ்.டபிள்யூ.ஆர் நல்லா இருந்தா ஆன்டெனா நல்லா இருக்குன்னு அர்த்தம் கெடையாது, டம்மி லோடுக்கு, அதான் ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டி பவர சூடாக்கி தின்னுடற ரெசிஸ்டருக்கு, கூட 1.0 காட்டும், அதுல யார்கிட்ட பேச முடியும் சொல்லு? ஒரு மழைக்காலத்துல என் ஆன்டெனா எந்த பேண்டுல வெச்சாலும் அழகா 1.3 காட்டுச்சு, ஆனா யாருமே திருப்பி கூப்பிடல. கனெக்டர கழட்டினா உள்ள தண்ணி சொட்டுது, கோஆக்ஸோட கம்பிப் பின்னல் கறுத்து போயிருக்கு. போற பவரையும் திரும்பி வரதையும் கேபிளே தின்னுட்டு மீட்டருக்கு நல்ல பேர் காட்டிட்டு இருந்திருக்கு. அதனால கனெக்டர டேப் சுத்தி மூடு, மறக்காத.

நீ கேட்ட மத்ததுக்கு சுருக்கமா: இதே ஒயர் 21 மெகாஹெர்ட்ஸ்ல ஓரளவு வேலை செய்யும், மூணு மடங்கு இல்லயா. 14-ல செய்யாது, அங்க நடுவுல ஆயிரக்கணக்குல ஓம் வரும். கோஆக்ஸ் மேல போட்டிருக்கற 0.66-ஐ ஆன்டெனா கணக்குல கொண்டு வராத, அது அந்த கேபிளுக்குள்ள போற வேகம். அப்பறம் அந்த ரெண்டு மீட்டர் பேண்டுக்கு அலைநீளத்துல கால்வாசி இருக்கற குச்சி ஆன்டெனா பண்ணப் போறேன்னியே, அதுக்கு மட்டும் பொறுமையா அள. 145 மெகாஹெர்ட்ஸுக்கு குச்சி 49 சென்டிமீட்டர்தான், ஒரு சென்டிமீட்டர் பிசகினா 3 மெகாஹெர்ட்ஸ் போயிடும், பேண்டே 2 மெகாஹெர்ட்ஸ்தான். உன் 7.1 இருக்கற 40 மீட்டர் பேண்டுல கை பிசகினா மன்னிக்கும், இது மன்னிக்காது.

ஒயர் ஏத்தும்போது கரண்ட் லைன் பக்கம் போகவே போகாத, இத மட்டும் அம்மா சொல்றத கேளு. பேசும்போது முனைய யாரும் தொடற உயரத்துலயும் விடாத, கரண்ட் நடுவுல அதிகம், வோல்டேஜ் முனைலதான் அதிகம், சுட்டுடும்.

மடிச்சு ஏத்தினதும் பள்ளம் எங்க விழுதுன்னு அந்த நம்பர மட்டும் அனுப்பு, போட்டோ வேணாம், கண்ணு வலிக்குது. 50 கிலோஹெர்ட்ஸ் இங்க அங்க இருந்தா அப்படியே விட்டுட்டு ஹெட்போன மாட்டு. ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி 7.1-ஐ ஒட்டி சுத்திகிட்டு இருப்பேன், என் கால்சைன், அதான் ரேடியோல என் அடையாளப் பேர், காதுல விழுந்தா கூப்பிடு.

ஹாம் பாஷைல மத்தவங்களுக்கெல்லாம் 73 (வாழ்த்துக்கள்), உனக்கு 88 (அன்பு முத்தம்).

அம்மா