மதர்போர்டு எங்கே செய்யப்பட்டது என்று கேளுங்கள்

மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு வணக்கம்.

புதுச்சேரியில் கணினிப் பாகங்களைப் பொருத்தும் லைனில் வேலை பார்த்தவன் நான். கணினியின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு, வெள்ளி நிறப் பையில் வெளிநாட்டிலிருந்து வரும். பையைப் பிரித்து, கேபினெட்டில் வைத்து, திருகு முடுக்கி, ராம், ஹார்ட் டிஸ்க் மாட்டி டெஸ்டிங் ரேக்குக்கு அனுப்புவோம். போர்டில் கோளாறு என்றால் பழுது பார்க்க எங்களிடம் சர்க்யூட் படம்கூட இருக்காது. வேறு போர்டு வரும்வரை காத்திருப்போம்.

இந்த நாட்டுக்கு இதற்கு மேலும் தெரியும். அதனால்தான் ஆதங்கம். 1969-லேயே டிடிசி-12 என்ற கணினி இந்தியாவில் உருவானது. அதைத் தயாரித்து விற்றது இசிஐஎல் என்ற அரசு நிறுவனம். 1978-ல் அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது எச்சிஎல், டிசிஎம் போன்ற நம் நிறுவனங்கள் களத்தில் இருந்தன. விப்ரோவும் அப்புறம் சேர்ந்துகொண்டது. இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. கணினி விலை சாமானியருக்கு எட்டாது என்பதும் உண்மை. ஆனாலும் இங்கேயே கணினியை வடிவமைக்கத் தெரிந்த பொறியாளர்கள் உருவானார்கள்.

1997-ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். 2005-க்குள் கணினிக்கு இறக்குமதி வரி இல்லாமல் போனது. மலிவாகக் கிடைத்தது, சரி. உதிரிபாகத் தொழிலை அதற்குள் வளர்த்தோமா? முழுக் கணினியை இறக்கி விற்பதே லாபம் என்றான பிறகு இங்கே யார் துணிந்து ஆலை வைப்பார்கள்?

2023 மே மாதம் மடிக்கணினி, கணினி போன்றவற்றை இங்கே தயாரிக்க 17,000 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் கொண்டுவந்தீர்கள். ஆகஸ்டில் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று திடீரென்று அரசாணை வந்தது, மறுநாளே தள்ளிவைக்கப்பட்டது. இப்படிச் செய்தால் முதலீடு செய்பவர் எதை நம்புவார்? 2025-ல் அறிவித்த 22,919 கோடி ரூபாய் உதிரிபாகத் திட்டத்தை மனதார வரவேற்கிறேன். அதை நடுவில் மாற்றாதீர்கள்.

அந்த 17,000 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஊக்கத்தொகையின் பெரும்பகுதி கூடுதல் விற்பனையைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. அதை மாற்றி, போர்டை இங்கே வடிவமைத்து இங்கேயே சால்டர் செய்பவருக்கு முதல் பங்கைக் கொடுங்கள். அரசுப் பள்ளிக்கும் பொதுத்துறை வங்கிக்கும் கணினி வாங்கும் டெண்டரில் அவருக்கே முன்னுரிமை வேண்டும். எந்த நிறுவனம் எந்தப் பாகத்தை எங்கே செய்தது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சர்க்யூட் படம் தர மறுக்கும் நிறுவனத்துக்கு ஊக்கத்தொகை தராதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் கணினி ஆலைத் தொழிலாளி