தேய்த்துவிடாதே, அப்படியே வை

தண்டையார்பேட்டை
ஞாயிறு இரவு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

சிங்கத்தின் மேல் கோடு விழுந்த உன் ஐந்து ரூபாய்க் காசை நீ எடுத்து அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கு எழுபதாயிரம் தருகிறேன் என்று ஃபோனில் பேசியவனுக்குப் 'பதிவுக் கட்டணம்' அனுப்பிவிடாதே. மற்றதெல்லாம் அப்புறம். காசை வாங்க வருகிறவன் நம்மிடம் எதற்கம்மா பணம் கேட்கிறான்? ரிசர்வ் வங்கியின் பேரைச் சொல்லி கமிஷன், வரி என்று பிடுங்குகிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

வருடத்துக்குக் கீழே இருக்கும் நட்சத்திரம் பிழையா என்று கேட்டிருந்தாய். இல்லை கண்ணு. அது ஹைதராபாத் நாணயச்சாலையின் அடையாளம். டைமண்ட் இருந்தால் மும்பை, புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பத்து ரூபாய்க் காசும் அப்படித்தான், வேறு வேறு மாதிரி இருப்பது பிழையில்லை. அதுவரை 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று 2018-இல் ரிசர்வ் வங்கி சொன்னது. அதற்குப் பிறகும் பஸ்ஸில் கண்டக்டராக நான் அந்தக் காசைச் சில்லறையாகக் கொடுத்தால் எத்தனை பேர் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள்!

சிங்கத்தின் மேல் ஓடுகிற கோடுதான் விஷயம். நகத்தால் மெல்லத் தடவிப் பார். மேடாகத் தட்டுப்படுகிறதா, பள்ளமாக இறங்குகிறதா? காசு அடிக்கிற எஃகு அச்சு, அடித்து அடித்து ஒரு நாள் விரிசல் விடும். அடுத்த அடியில் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறிக்கொள்ளும். அதனால் காசில் அது மேடான கோடாகத்தான் விழும். பள்ளம் என்றால் பெரும்பாலும் வெளியே வந்த பிறகு பட்ட கீறல். நீயும் அண்ணனும் கொருக்குப்பேட்டைத் தண்டவாளத்தில் பத்து பைசாவை வைத்து நசுக்கி எடுத்து வந்தீர்களே, சிங்கமெல்லாம் இழுபட்டு எவ்வளவு விசித்திரமாக இருந்தது! ஆனால் அது ரயில் செய்த வேலை, நாணயச்சாலை செய்ததில்லை. காசிமேட்டு மீன் கூடைகளோடு பஸ்ஸில் ஏறுகிற காசு உப்பில் அரித்து எழுத்தே மாறியிருக்கும். அதற்கும் மதிப்பில்லை.

நல்ல பிழை எப்படி இருக்கும் தெரியுமா? அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த தகட்டின் மேல் அதுவே அச்சாக விழும். அப்போது ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கமும் அதே சிங்கம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, பள்ளமாக. அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காசு அடித்த தங்கசாலையிலிருந்துதான் என் பஸ் கிளம்பும். இருபத்தாறு வருடக் கண்டக்டர் வேலையில் அப்படி ஒரே ஒரு ஒரு ரூபாய்தான் என் கைக்கு வந்தது. கண்டக்டர் பைக்குள் என் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். இப்போதும் பீரோவில் இருக்கிறது.

இன்னொரு சோதனையும் செய்துபார். சிங்கத்தை நிமிர்த்திப் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் திருப்பு. பின்பக்கமும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். நன்றாகச் சாய்ந்திருந்தால் உடனே எனக்குச் சொல்.

உன் காசில் கோடு விளிம்பிலிருந்தே கிளம்புகிறது, ஒரு ஓரத்தில் வெளிச்சம் பிடிக்கிறது. எனக்கு மேடாகத்தான் தெரிகிறது. அச்சு விரிசலாக இருந்தால் சேகரிக்கிறவர்கள் ஐந்து ரூபாயைவிடக் கொஞ்சம் கூடத் தருவார்கள். எழுபதாயிரமெல்லாம் கிடையாதம்மா.

அம்மா செய்வதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதே, பளபளப்பாக்கினால் இருக்கிற மதிப்பும் போய்விடும். ஓரத்தைப் பிடித்தே எடு, காகித உறையில் தனியாகப் போட்டு வை. பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா, என் பூதக்கண்ணாடியில் இரண்டு பேருமாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா