41-ம் 5.9-ம் ஒன்றுதான், பாப்பா

பாப்பாவுக்கு,

ராத்திரி நேரத்தில் நீ அனுப்பிய ஈமெயிலைக் காலையில்தான் பார்த்தேன். உன் ஜிபி, அதாவது அங்கே உன் குடும்ப டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டாராம், இணையத்தில் பார்த்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்று போட்டிருக்கிறதாம், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் சரிதான்.

உன் ரிப்போர்ட்டில் ஹெச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட், 41 என்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அப்பா நாற்பத்தொரு சதவீதமா என்று பதறிவிட்டார், அவருக்கு 7, 8 என்று பார்த்துத்தானே பழக்கம். இங்கிலாந்தில் இதைச் சதவீதத்தில் எழுதுவதில்லை, மில்லிமோல் கணக்கு. உன் 41 நம்ம ஊர் லேபில் 5.9 சதவீதம் என்று வரும். உங்கள் ஊரில் 42-லிருந்து 47 வரைக்கும்தான் முந்தைய நிலை, ஆனால் அமெரிக்காக்காரர்கள் அந்தக் கோட்டை 5.7-லேயே போட்டுவிட்டார்கள், நீ படித்தது அமெரிக்கப் பக்கம். அதே ரத்தம், அதே அளவு, கோடு மட்டும் வேறு இடத்தில். சர்க்கரை நோய் என்று சொல்லும் கோடு இரண்டு ஊரிலும் ஒன்றுதான்: 48, அதாவது 6.5 சதவீதம். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு அங்கே வரும் எண்ணை 18-ஆல் பெருக்கிக்கொள், 5.5 என்றால் இங்கே 99.

இன்னொன்று. உனக்குக் காலேஜ் காலத்திலிருந்தே இரும்புச்சத்து குறைவு. அப்படி இருந்தால் இந்த டெஸ்ட் சர்க்கரையைக் கொஞ்சம் ஏற்றியே காட்டலாம், லேபில் இருந்தவரைக்கும் நான் பார்த்ததுதான். சிவப்பணு நூற்றிருபது நாள் போல உயிரோடு இருக்கும், அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. அணுக்களின் ஆயுள் மாறினால் எண்ணும் மாறும். கூகுளுக்கு உன் உடம்பு தெரியாது இல்லையா.

அதற்காகத் தேடாதே என்று சொல்லமாட்டேன், நானும் தேடுகிறவள்தான். எந்த நாட்டுப் பக்கம், கடைசியாக எப்போது சரிபார்த்தது, இதை முதலில் பார். உங்கள் ஊர் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் பக்கங்களில் அடியில் தேதி இருக்கும், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்றுகூட இருக்கும். சர்க்கரையை வேரோடு ஒழிக்கிறேன் என்று பொடி விற்கிறவன் பக்கத்தில் அதெல்லாம் இருக்காது, போன் நம்பர்தான் பெரிதாக இருக்கும். இங்கே அப்படி விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954-லேயே சட்டம் போட்டாயிற்று, யார் கேட்கிறார்கள்? உன் சித்தப்பா தினமும் ஒன்று ஃபார்வர்டு செய்கிறார்.

அப்புறம் அந்த இன்னொரு மெயில், 'உங்கள் பரிசோதனை முடிவு தயார், இங்கே அழுத்தவும்' என்று வந்ததே, அதை அழுத்தாதே. அனுப்பியவர் பெயர் என்று தெரிவதை நம்பாதே. கடித உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அதே கதைதான். லிங்க் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்து, முகவரி தெரியும். முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு, அதை வலப்பக்கத்திலிருந்து படி. முன்னால் என்ஹெச்எஸ் டாட் யூகே என்று இருந்து, அதற்குப் பின்னாலும் ஒரு டாட் போட்டு வேறு பெயர் வந்து முடிந்தால், அந்தக் கடைசிப் பெயர்க்காரன்தான் சொந்தக்காரன். பூட்டுப் படம் இருக்கிறதே என்று சொல்லாதே. நீ அனுப்புவதை நடுவில் வேறு யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு, அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியனா என்பதற்கு இல்லை. திருடனுக்கும் அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். பூட்டைப் பார்த்து ஜனங்கள் ஏமாறுகிறார்கள் என்றுதான் குரோம்காரர்கள் 2023-ல் அதை எடுத்துவிட்டு வேறு படம் வைத்தார்கள். ரிசல்ட் பார்க்க வேண்டுமென்றால் நேராக என்ஹெச்எஸ் ஆப்பைத் திற, மெயில் வழியாகப் போகாதே.

அடுத்த தடவை ஜிபியிடம் போகும்போது உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேள், ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தாலும் கேள். ரிசல்ட் வந்ததும் எனக்கு அனுப்பு, அலகையும் சேர்த்துப் படம் எடு. போன தடவை எண் மட்டும்தான் தெரிந்தது.

அம்மா