படத்தில் இருப்பவருக்கும் ஒரு பிரதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளத்திலிருந்து மீண்ட மக்களைப் பற்றிய புகைப்பட நூல்கள் குறித்து உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து அப்படி ஒரு நூலை நானும் தயாரித்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்டுடியோ வைத்திருப்பவன். தண்ணீர் வடிந்ததும் முதலில் வந்தவர்கள் கேட்டது பாஸ்போர்ட் சைஸ் படம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், சான்றிதழ் எல்லாம் போயிருந்தன. மறுபடி வாங்க ஒவ்வொரு மனுவிலும் படம் ஒட்ட வேண்டும். அப்புறம் வேறு கேள்விகளோடு வந்தார்கள். “எங்க கல்யாணத்து நெகட்டிவ் இருக்கா?” “அப்பாவை ஒரு படம் எடுத்தீங்களே, கிடைக்குமா?” இடிந்த வீட்டைப் பற்றி நிதானமாகப் பேசியவர்கள்கூட, அம்மாவின் ஒரே படம் கரைந்துபோனதைச் சொல்லும்போது உடைந்துபோனார்கள். அதனால்தான் எங்கள் நூலின் முதல் பகுதியில் நாங்கள் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. சேற்றிலிருந்து அவர்களே மீட்டெடுத்த படங்கள், பாதி முகம் அழிந்தவை உட்பட, அப்படியே அச்சாகின்றன.

2011 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். இடிபாடுகளில் கிடைத்த குடும்பப் படங்களைத் தன்னார்வலர்கள் கழுவி உலர்த்தி, உரியவர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளும்படி பரப்பி வைத்தார்கள். ஃபியூஜிஃபிலிம் நிறுவனமும் அந்த வேலையில் கைகொடுத்தது. உங்கள் வாசகர்களுக்கும் பயன்படும் என்பதால் சொல்கிறேன்: நனைந்து ஒட்டிக்கொண்ட படங்களை வெயிலில் போட்டுப் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்கும்படி வைத்து நிழலில் உலர்த்துங்கள். மேலே இருக்கும் ஜெலட்டின் படலம் ஊறியிருக்கும்போது விரல் பட்டாலே உரிந்துவிடும். உடனே பார்க்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்.

சரி, நூல் விஷயத்துக்கு வருகிறேன். 2004 சுனாமியின்போது கடலூரில் ஆர்கோ தத்தா எடுத்த படம், மணலில் விழுந்து அழும் ஒரு பெண்ணின் படம், உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. நடந்ததை உலகம் உணர அப்படி ஒரு படம் தேவைப்பட்டது. ஆனால் மீட்சியைச் சொல்லும் நூலும் முதல் வாரத்துக் கண்ணீரிலேயே நின்றுவிட்டால், அந்த மக்கள் அதற்கப்புறம் செய்த எதுவுமே பதிவாகாது. மனு எழுதித் தருகிற கல்லூரி மாணவி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர், ஒரே இடத்தில் நின்று மாதாமாதம் எடுத்த தெரு: இவையெல்லாம் பொறுமை கேட்கும் படங்கள்.

எந்தப் படம் நூலில் வர வேண்டும் என்பதில் படத்தில் இருப்பவருக்கும் பங்கு வேண்டும். நிவாரணப் பொருளுக்குக் கை நீட்டி நிற்கும் ஒரு பெண்ணின் படம் எங்களிடம் இருந்தது. வெளிச்சம், கோணம் எல்லாமே அருமை. அச்சுக்கு முன் அவரிடம் காட்டினோம். “இது வேணாம். தையல் மெஷின்ல உட்கார்ந்திருக்கிற படத்தைப் போடுங்க” என்றார். அதைத்தான் போடுகிறோம். நூலும் அவரால் மேம்பட்டிருக்கிறது, ஏனென்றால் பழுது பார்த்த அந்த மெஷினின் கதையை எங்களால் யோசித்திருக்கவே முடியாது.

1936இல் கலிஃபோர்னியாவில் டோரத்தியா லாங்கே எடுத்த ‘புலம்பெயர்ந்த தாய்’ படம் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தாயின் பெயரை லாங்கே கேட்கவே இல்லை. ஃப்ளோரன்ஸ் தாம்ப்சன் என்ற அவருடைய பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் வருந்தினார். படத்தில் இருப்பவர் சம்மதித்தால் அவர் பெயர், நூல் வந்ததும் அவருக்கு ஒரு பிரதி: இந்த இரண்டையும் தர முடியாத நூலை அச்சிடவே கூடாது என்பது என் கருத்து. செலவு கூடும் என்பார்கள். அட்டையைச் சாதாரணமாகப் போட்டாவது அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. பேரிடர் பகுதிகளில் உங்கள் நிருபர்கள் பல காலமாக எடுத்த படங்கள், வெள்ளத்துக்கு முந்தையவை உட்பட, உங்கள் அலுவலகக் காப்பகத்தில் இருக்கும். எல்லாம் இழந்த குடும்பம் ஒன்று தேடி வந்தால், அதில் அவர்களுடைய படத்தின் பிரதியை இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். தேடிப் பிரிக்கும் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ புகைப்படக்காரர் ஒருவர்